பொங்கல் வாரத்தில் குப்பையை எப்படி எடுப்பது? எங்கள் குடியிருப்பு யோசித்துப் பார்த்த வழிகள்

2024-இல் பொங்கல் திங்கட்கிழமை வந்தது. ஞாயிறு போகி, செவ்வாய் மாட்டுப் பொங்கல், புதன் காணும் பொங்கல். தென்சென்னையில் 42 வீடுகள் உள்ள எங்கள் குடியிருப்பில், திங்களும் செவ்வாயும் குப்பை எடுப்பதில்லை என்று சங்கத்தில் முடிவு செய்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டோம். அவ்வளவுதான் ஏற்பாடு.

புதன் காலை ஆறரை மணிக்குப் படியிறங்கி வந்தபோது, இரண்டாவது மாடியில் பூட்டிய வீட்டு வாசலில் ஒரு கறுப்பு மூட்டை கிடந்தது. அந்த வீட்டார் ஞாயிறு மதியம் திருநெல்வேலிக்குக் கிளம்பியிருந்தார்கள். குப்பை எடுப்பவர்கள் அன்று காலையிலேயே வந்து போயிருந்தார்கள். கிளம்பும் அவசரத்தில் ஃப்ரிட்ஜைக் காலி செய்து சாம்பார், தயிர், பாதி வெட்டிய பூசணிக்காய் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி வெளியே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்று நாளில் பையின் அடி கசிந்து, முதல் மாடிப் படிவரை மஞ்சளாக ஒரு கோடு இறங்கியிருந்தது. கீழே கேட்டுக்குப் பக்கத்தில் நான்கு தொட்டிகளும் மூடி நிற்காமல் பிதுங்கின. கரும்புச் சக்கையும் வாழை இலையும் தரையில் பரவிக் கிடந்தன. நாய் இழுத்துப் போட்ட இலை தெருமுனைவரை போயிருந்தது. வீடுவீடாகக் குப்பை எடுக்கச் சங்கம் வைத்திருக்கும் இரண்டு பெண்களும் எட்டு மணிக்கு வேலைக்கு வந்து அதையெல்லாம் அள்ளிக் கழுவி முடிக்கும்போது மணி பதினொன்று. அவர்களுக்கும் அன்றைக்குத்தான் காணும் பொங்கல்.

அடுத்த பொங்கலுக்கு இப்படி ஆகக் கூடாது என்று நான் அப்போதே நினைத்துக்கொண்டேன். 2025-இல் நிலைமை இன்னும் பெரியது. பொங்கல் செவ்வாய்க்கிழமை. 17-ஆம் தேதி வெள்ளியையும் அரசு விடுமுறையாக அறிவித்ததால் சனி ஞாயிறோடு சேர்த்து ஆறு நாள் தொடர்ந்து விடுமுறை. மார்கழி பாதியிலேயே சங்கத்தில் உட்கார்ந்து, இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். இதே குழப்பம் நிறைய குடியிருப்புகளில் இருப்பது தெரியும் என்பதால், எதை ஏன் விட்டோம், எதை ஏன் எடுத்தோம் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். பண்டிகை நாளில் மாநகராட்சி குப்பை எடுப்பதே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பொங்கல், தீபாவளி நாட்களிலும் தூய்மைப் பணியாளர்கள் வேலையில் இருக்கிறார்கள். காணும் பொங்கலன்று மெரினாவில் கூட்டம் கலைந்த பிறகு மணலைச் சுத்தம் செய்பவர்கள் அவர்கள்தான். ஆனால் நம் தெருவுக்குப் பேட்டரி வண்டி வழக்கமாக வரும் நேரத்துக்கு வருமா என்பது வேறு கேள்வி. பத்து மணி வண்டி இரண்டு மணிக்கு வரலாம், ஒரு நாள் தவறலாம். மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் போன் செய்தால் புகாரைப் பதிந்துகொள்வார்கள். அதற்காக அன்று காலையே வண்டி வந்து நிற்கும் என்று எண்ணி இருந்துவிட முடியாது.

அதனால் இதில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. வீட்டு வாசலிலிருந்து கீழே உள்ள தொட்டிவரை ஒன்று, தொட்டியிலிருந்து வண்டிவரை இன்னொன்று. இரண்டாவது நம் கையில் இல்லை. முதலாவது முழுக்க நம் கையில் இருக்கிறது. அதை நடத்துவது நாம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் இரண்டு பேர். விடுமுறை என்று நாம் பேசும்போது உண்மையில் அவர்களுடைய விடுமுறையைப் பற்றித்தான் பேசுகிறோம்.

நாங்கள் முதலில் யோசித்தது, எதையும் மாற்றாமல் எப்போதும்போல் தினமும் எடுப்பது. குடியிருப்போருக்கு இதைவிட வசதி கிடையாது. செலவும் பெரிதல்ல. தமிழ்நாட்டில் தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்கென 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்தோடு விடுமுறை என்கிறது அது. அந்த நாளில் வேலைக்கு வந்தால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் விடுமுறை. நாங்கள் அதையே அளவுகோலாக எடுத்துக்கொண்டோம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 500 ரூபாய் என்று வைத்தால், இரண்டு பேருக்கு மூன்று நாளுக்குக் கூடுதலாக 3,000 ரூபாய். 42 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு எழுபது சொச்சம். ஒரு கட்டுக் கரும்பு விலைகூட வராது.

கணக்கு சரி. ஆனால் பொங்கலன்று காலையில் நம் வீட்டில் பானை பொங்கும் நேரத்தில் அவர்கள் நம் படிக்கட்டில் மூட்டை தூக்க வேண்டும். பணம் கொடுத்தாலும் அது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. சங்கத்தில் இரண்டு பேர், “அவர்கள் விருப்பப்பட்டு வந்தால் என்ன?” என்று கேட்டார்கள். சரி, அவர்களிடமே கேட்டுவிடலாம் என்று இருவரில் மூத்தவரிடம் பேசினேன்.

“பொங்கலன்னிக்கு மட்டும் வேணாம் சார்” என்றார். “மறுநாள் விடிகாலைல வந்து எல்லாத்தையும் அள்ளிடறேன். போன வருஷம் மாதிரி மூட்டையைக் கட்டி வாசல்ல வெக்காம இருக்கச் சொல்லுங்க. நாய் பிச்சிப் போட்டுதுன்னா நாலு மடங்கு வேலை.”

“ஒரு நாள் மட்டும் இல்லன்னா போதுமாம்மா? மாட்டுப் பொங்கலுக்கும் லீவு வேணாமா?”

“ரெண்டு பேரும் ஒரே நாள்ல வரணும்னு இல்ல சார். ஒரு நாள் நான், ஒரு நாள் அவ. காலைல சீக்கிரம் வந்தா ஒம்பதுக்குள்ள முடிஞ்சிடும்.”

இந்த ஐந்து நிமிடப் பேச்சில் கிடைத்தது, நாங்கள் கூட்டம் போட்டு ஒரு மணி நேரம் பேசியதில் கிடைக்கவில்லை. பின்னால் எடுத்த முடிவுக்கு அடித்தளம் அதுதான்.

இரண்டாவது வழி, நாளைத் தள்ளிப்போடுவது. அமெரிக்காவில் பல ஊர்களில் இதுதான் நடைமுறை. அங்கே குப்பை வண்டி பொதுவாக வாரத்துக்கு ஒரு முறை வரும். வாரத்தின் நடுவில் ஒரு விடுமுறை வந்தால் அன்றும் அதன் பிறகும் வரும் நாட்கள் எல்லாம் ஒவ்வொரு நாள் நகரும். வியாழக்கிழமை நன்றி செலுத்தும் நாள் என்றால், வியாழன் தெருக்காரர்களுக்கு வெள்ளி, வெள்ளி தெருக்காரர்களுக்குச் சனி. திங்கட்கிழமையே விடுமுறை என்றால் அந்த வாரம் முழுக்க ஒரு நாள் தள்ளிப் போகும். கிறிஸ்துமஸும் புத்தாண்டும் ஒரே கிழமையில் வருவதால் அடுத்தடுத்த இரண்டு வாரமும் அப்படியே. நியூஜெர்சியில் இருக்கும் என் தங்கை வீட்டில், இந்தத் தேதிகளுக்கான அட்டவணையை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

கேட்பதற்கு ஒழுங்காக இருக்கிறது, எங்கள் உறுப்பினர் ஒருவர் இதை உறுதியாக ஆதரித்தார். ஆனால் அது ஏன் அங்கே நடக்கிறது என்று பார்க்க வேண்டும். வாரம் ஒரு முறை எடுக்கும் இடத்தில் ஏழு நாள் குப்பை எட்டு நாள் குப்பை ஆகிறது. அதற்கு ஏற்ற பெரிய மூடித் தொட்டி வீட்டுக்கு ஒன்று இருக்கிறது. விடுமுறையும் ஒரு நாள்தான். நம் ஊரில் தினமும் எடுத்துப் பழக்கம். சமையலறையில் இருக்கும் வாளி ஒரு நாள் குப்பைக்கான அளவு. நமக்கு ஒரு நாள் தள்ளினாலே குப்பை இரட்டிப்பாகிறது, மூன்று நாள் தள்ளினால் நான்கு மடங்கு. அதுவும் நம் குப்பையில் பாதிக்கு மேல் ஈரம். காய்கறித் தோலும் மிஞ்சிய சோறும் நம் வெயிலில் ஒரே நாளில் புளித்துவிடும். ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வரும். 2024-இல் நாங்கள் செய்ததும் பெயர் வைக்காத இந்தத் தள்ளிப்போடல்தான். அதன் விளைவைத்தான் மேலே சொன்னேன்.

இன்னொரு விஷயமும் அப்போது புரிந்தது. பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள், குப்பையும் பாதியாகிவிடும் என்று நாங்கள் கணக்குப் போட்டிருந்தோம். ஆகவில்லை. ஊருக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் ஒரு வாரக் குப்பையை ஒரே நாளில் வெளியேற்றுகிறார்கள். இங்கேயே இருப்பவர்கள் வீட்டில் விருந்தாளிகள் வருகிறார்கள், கரும்பு வருகிறது, இலை போட்டுச் சாப்பாடு நடக்கிறது. நகரத்தில் ஒருவர் ஒரு நாளைக்கு அரை கிலோவுக்கு மேல் குப்பை போடுகிறார் என்று வைத்தால், சுமார் 140 பேர் இருக்கும் எங்கள் இடத்தில் சாதாரண நாளிலேயே எண்பது கிலோ வரும். 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஒரு நாளைக்கு 100 கிலோவைத் தாண்டும் இடங்களைப் பெரிய அளவில் குப்பை உருவாக்கும் இடங்கள் என்று தனியாக வகைப்படுத்தி, கூடுதல் பொறுப்பும் வைத்தன. பண்டிகை நாளில் நாங்கள் அந்த அளவைத் தொட்டுவிடுகிறோம் என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது வழியைச் சீக்கிரம் தள்ளிவிட்டோம். காணும் பொங்கலன்று ஒரு குட்டியானை வண்டியைப் பிடித்து, சேர்ந்தது எல்லாவற்றையும் ஒரே நடையில் ஏற்றி அனுப்பிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அந்த வண்டி அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. ஏதோ ஒரு காலி மனை, ஏரிக்கரை, புறவழிச்சாலை ஓரம். நம் கண்ணுக்கு மறைந்தால் போதும் என்று இருக்க முடியாது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய பெருங்குடிக் குப்பைக் கிடங்கு 2022 ஏப்ரலில் பற்றி எரிந்தபோது, எங்கள் ஜன்னல்களை நாங்கள் நாள்கணக்கில் சாத்தி வைத்திருந்தோம். பிரிக்காமல் கலந்துபோகிற குப்பை கடைசியில் எங்கே சேரும், என்ன ஆகும் என்பதை எங்கள் பகுதியில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான்காவது, வளாகத்துக்குள்ளேயே உரமாக்குவது. எனக்கு மிகவும் பிடித்த வழி இது. ஏற்கெனவே மாடியில் இரண்டு பெரிய டிரம்களில் பன்னிரண்டு வீட்டுக் காய்கறிக் கழிவைப் போட்டு உரம் எடுக்கிறோம். அடியிலும் பக்கவாட்டிலும் காற்றுத் துளை போட்ட டிரம். ஒரு அடுக்குக் கழிவு, மேலே ஒரு அடுக்குக் காய்ந்த இலை அல்லது தென்னை நார்த்தூள், அவ்வப்போது கொஞ்சம் புளித்த மோர். ஒன்றரை இரண்டு மாதத்தில் கறுப்பாக, மண் வாசனையோடு உரம் கிடைக்கும். அந்த வாசனை வந்தால்தான் அது தயார்.

ஆனால் பண்டிகைக்காக அவசரமாக இதைத் தொடங்க முடியாது. டிரம்முக்கு ஒரு தாங்கும் அளவு இருக்கிறது. ஒரே நாளில் மூன்று மடங்கு ஈரக் கழிவைக் கொட்டினால் காற்று போகாமல் அழுகும். உரம் ஆகாது, வீச்சம்தான் மிஞ்சும். அதோடு, பொங்கலன்று வரும் குப்பையில் பாதி உடனே மக்காதது. கரும்புச் சக்கை முழு நார். ஈரமாக அப்படியே போட்டால் எறும்பு மொய்க்கும், மாதக்கணக்கில் கிடக்கும். ஆனால் அதையே மாடியில் இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி, கொத்திப் போட்டால் தென்னை நார்த்தூளுக்குப் பதிலாகவே பயன்படுகிறது. ஈரத்தை அருமையாக உறிஞ்சும். வாழை இலையைக் கிழித்துப் போட வேண்டும், முழு இலையாகப் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து காற்றை அடைத்துவிடும். இதையெல்லாம் நாங்கள் தப்பு செய்துதான் கற்றோம். ஆக, உரம் போடுவது 42 வீட்டுக்கும் தீர்வு ஆகாது, பன்னிரண்டு வீட்டின் பாரத்தைக் குறைக்கும். அந்தக் குறைவே பண்டிகை நாளில் பெரிய உதவி.

இவ்வளவு பேசிய பிறகுதான் ஐந்தாவது வழி தெளிவாகத் தெரிந்தது. எல்லாக் குப்பையையும் ஒன்றாக நினைத்து, எடுப்பதா வேண்டாமா என்று கேட்டதே தப்பு. ஈரக் குப்பைக்கு ஒரு அட்டவணை, உலர் குப்பைக்கு வேறு அட்டவணை என்று பிரித்துவிட்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்கிறது. அட்டைப் பெட்டியும் பால் கவரும் பாட்டிலும் ஒரு வாரம் பால்கனியில் இருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. பால் கவரைக் கழுவிக் காயவைத்தால் போதும். மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று 2016-இல் வந்த விதிகளே சொல்லியிருந்தன. தினசரிக்கு நாம் அதை ஒரு கடமையாகப் பார்க்கிறோம். பண்டிகை வாரத்தில்தான் அதன் பயன் கையில் தெரிகிறது. பிரித்து வைத்த வீட்டால் காத்திருக்க முடியும், கலந்து வைத்த வீட்டால் முடியாது.

சரி, ஈரக் குப்பை எந்த நாளில் எடுக்காமல் இருக்கலாம்? இதற்கு ஒவ்வொரு நாளும் சமையலறையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. போகியன்று வருவது பெரும்பாலும் உலர்ந்தது: கிழிந்த பாய், பழைய தலையணை, துணி, உடைந்த பிளாஸ்டிக். பொங்கலன்று பெரும்பாலான வீட்டில் சைவம். வருவது காய்த்தோல், இலை, கரும்பு, மஞ்சள் கொத்தின் இலை, பூ. இடம் அடைக்கும், ஆனால் ஒரு நாள் தாங்கும். மாட்டுப் பொங்கலும் காணும் பொங்கலும் கறி நாள். எலும்பும் மீன் செதிலும் இறால் ஓடும் வருவது அப்போதுதான். அது ஒரு இரவு தாண்டினால் படிக்கட்டு முழுக்க நாறும். 2024-இல் பொங்கலையும் மாட்டுப் பொங்கலையும் சேர்த்து நிறுத்தியதில், கறிக் குப்பை வரும் நாளில் எடுப்பதற்கு ஆள் இல்லாமல் போனது. எதை நிறுத்தலாமோ அது பொங்கல் நாள் ஒன்றுதான். அந்தப் பெண்மணி கேட்டதும் அதே ஒரு நாள்தான்.

2025-க்கு நாங்கள் போட்ட ஏற்பாடு இது. போகிக்கு முந்தைய சனி, ஞாயிறு இரண்டு நாளும் உலர் குப்பைக்கு மட்டும். பழைய பேப்பர், அட்டை, இரும்பு, ஓடாத மிக்ஸி எல்லாம் அப்போதே காயலாங்கடைக்கு. இதில் நேரம் முக்கியம், ஏனென்றால் எங்கள் பக்கத்துக் காயலாங்கடை போகியன்று மதியம் கதவைச் சாத்தினால் அடுத்த வாரம்தான் திறக்கும். பழைய துணி, பாய், டயர் போன்றவற்றைப் போகிக்கு எரிக்காமல் தூய்மைப் பணியாளர்களிடம் கொடுங்கள் என்று மாநகராட்சி கேட்டுக்கொள்கிறது. அதற்கென்று கேட்டருகே ஒரு தார்ப்பாய் விரித்து இடம் ஒதுக்கினோம்.

போகியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். குப்பை எடுக்கும் நாட்கள் குழம்பினால் அதன் முதல் விளைவு எரிப்பது. மூன்று நாள் வண்டி வராது என்று கேள்விப்பட்டால், போகித் தீயிலேயே எல்லாவற்றையும் போட்டுவிடத் தோன்றும். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திரும்பின. குப்பையைத் திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016-லேயே அபராதம் வைத்தது. அபராதத்தைவிட எங்கள் மூன்றாம் மாடியில் ஆஸ்துமாவோடு இருக்கும் ஒரு பாட்டியம்மாவைக் காட்டித்தான் நான் எல்லாரிடமும் பேசினேன். ஒரு சின்னக் கட்டு வைக்கோலும் பழைய விளக்குமாறும் மட்டும் கொளுத்தி, குழந்தைகள் மேளம் தட்டினார்கள். அதுவே போதுமாக இருந்தது.

அப்புறம், போகியன்று காலையில் வழக்கமான சுற்று, மாலை ஐந்து மணிக்கு இன்னொரு சுற்று. ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்காகத்தான் இந்த மாலைச் சுற்று. ஃப்ரிட்ஜைக் காலி செய்வதானால் ஐந்து மணிக்குள் செய்துவிடுங்கள், அதற்குப் பிறகு கிளம்புகிறவர்கள் தாங்களே கீழே கொண்டுவந்து தொட்டியில் போட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டோம். வாசலில் எதையும் வைக்கக் கூடாது. இந்த ஒரு விதியில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

பொங்கல் நாள் இரண்டு பேருக்கும் முழு விடுமுறை, சம்பளத்தோடு. மாட்டுப் பொங்கலன்று ஒருவர், காணும் பொங்கலன்று இன்னொருவர், காலை ஆறரைக்கு வந்து ஈரக் குப்பை மட்டும். அவர்களுக்கு அந்த நாளுக்கு இரட்டைச் சம்பளம். அதனால் கூடுதல் செலவு 3,000 இல்லை, 1,000 ரூபாய்தான். மீதியைப் பொங்கல் படியாகச் சேர்த்தே கொடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன், சங்கமும் ஒத்துக்கொண்டது. உலர் குப்பை போகி மதியத்தோடு நிறுத்தம், மறுபடி 17-ஆம் தேதி வெள்ளியன்று. சானிட்டரி நாப்கினும் குழந்தைகளின் டயப்பரும் காத்திருக்கக் கூடாதவை. அவற்றைப் பேப்பரில் சுற்றி, மேலே குறி போட்டு, ஈரக் குப்பை எடுக்கும் நேரத்திலேயே தனியாகக் கொடுக்க வேண்டும். பல அறிவிப்புகளில் இதைச் சொல்ல விட்டுவிடுகிறார்கள். கைக்குழந்தையோ படுக்கையில் இருக்கும் முதியவரோ உள்ள வீட்டில் இதுதான் முதல் கவலை.

பொங்கலன்று ஒரு நாள் குப்பையை வீட்டில் வைத்திருப்பது எப்படி என்றும் கேட்டார்கள். வாளியின் அடியில் நான்கு மடிப்பு செய்தித்தாள் போடுங்கள். தண்ணீரை நன்றாக வடித்த பிறகே கழிவைப் போடுங்கள். குழம்பு, ரசம் மிஞ்சினால் அதில் ஊற்றாதீர்கள், நாற்றத்துக்கு முதல் காரணம் அதுதான். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளேயே புழுங்கி இன்னும் மோசமாகும். கரும்பைத் தின்று துப்பும் சக்கைக்குத் தனியாக ஒரு சாக்கு, அது நேராக மொட்டை மாடிக்கு. இலையை மடித்து அடுக்கினால் பாதி இடம் போதும். மறுநாள் கறி எடுக்கும் வீட்டில், எலும்பையும் செதிலையும் பேப்பரில் சுற்றி ஒரு டப்பாவில் ஃப்ரீசரில் வைத்து, அடுத்த நாள் காலை ஆள் வரும்போது எடுத்துக் கொடுத்தால் வீட்டில் துளி நாற்றம் இருக்காது. முதலில் முகம் சுளித்த ஒரு வீட்டார் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளிலும் அப்படித்தான் செய்கிறார்கள்.

எல்லாம் சரியாக நடந்ததா என்றால், பெரும்பாலும் நடந்தது. மாட்டுப் பொங்கலன்று மாநகராட்சி வண்டி மதியத்துக்கு மேல்தான் வந்தது. ஆனால் தொட்டியில் பெரும்பாலும் ஈரக் குப்பையே இருந்ததால் நான்கில் இரண்டு தொட்டிகூட நிறையவில்லை, மூடி சரியாக உட்கார்ந்தது, நாய் அந்தப் பக்கமே வரவில்லை. மூன்று வீட்டார் உலர் குப்பையையும் சேர்த்து வைத்தார்கள். அவர்கள் வாட்ஸ்அப் பார்ப்பதில்லை, வாடகைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. தப்பு எங்கள் பக்கம்தான். மாடியில் கரும்புச் சக்கைச் சாக்கைத் தரையில் வைத்ததால் எறும்பு ஏறிவிட்டது. இந்த முறை சாக்கில் அடைக்காமல் கொடிக்கம்பிக்குக் கீழே வலை விரித்துப் பரப்ப வேண்டும். காய்ந்த இலையை மார்கழி முழுவதும் சேர்த்து வைத்திருந்ததால் உர டிரம்களில் ஒரு சிக்கலும் வரவில்லை.

இதே அட்டவணையை அப்படியே தீபாவளிக்கும் போட்டுவிடலாம் என்று நினைத்தால், அது ஒத்துவராது. தீபாவளி வருவது வடகிழக்குப் பருவமழை நேரத்தில். அன்றைக்கு அதிகம் சேர்வது உலர் குப்பை: பலகாரப் பெட்டி, துணிக்கடை அட்டை, பட்டாசுப் பெட்டி. மழையில் நனைந்தால் அட்டை அட்டையாக இருக்காது, எடுப்பவருக்கும் உதவாது. எனவே தீபாவளிக்கு உலர் குப்பையைத் தள்ளிப்போடக் கூடாது, மறுநாளே எடுக்க வேண்டும், அதுவரை நனையாத இடத்தில் வைக்க வேண்டும். பட்டாசுக் காகிதக் குப்பையை வேறு எதோடும் கலக்கவே கூடாது. அதில் ரசாயன மிச்சம் இருக்கிறது. மாநகராட்சி அதைத் தனியாகச் சேகரித்து, கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவு நிலையத்துக்கு அனுப்புகிறது. அதற்குத் தனிச் சாக்கு வைத்து, வெடிக்காத பட்டாசு கலந்திருக்கலாம் என்பதால் முதலில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் அள்ளச் சொல்கிறோம். ஆயுத பூஜைக்கு வாழைக்கன்றும் உடைத்த பூசணிக்காயும்தான் பாரம். ஒரே நாள் என்பதால் மறுநாள் காலை ஒரு மணி நேரம் முன்னதாக வரச் சொன்னால் முடிந்துவிடுகிறது.

சிறிய குடியிருப்பு, பத்துப் பன்னிரண்டு வீடு, தனியாக ஆள் வைக்கவில்லை, மாநகராட்சிப் பணியாளரே வாசலில் வந்து வாங்குகிறார் என்றால், மேலே சொன்னதில் பெரும்பகுதி தேவையில்லை. தெருவுக்கு வரும் பணியாளரிடம் இரண்டு நாள் முன்பே, “பொங்கல் வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு வருவீங்க?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் நேரத்தைப் படிக்கட்டுக் கதவில் எழுதி ஒட்டுங்கள். ஈரம், உலர்ந்தது என்று இரண்டாகப் பிரிப்பதை மட்டும் அங்கேயும் விடாதீர்கள். தனி வீட்டுக்காரர் என்றால், தோட்டத்து மூலையில் ஒரு குழி இருந்தால்கூடப் பொங்கல் நாள் இலையும் தோலும் அதற்குள் போய்விடும்.

எங்கள் வளாகத்தில் அறிவிப்பை வாட்ஸ்அப்போடு விடாமல், மார்கழி இருபதுக்குள் லிஃப்டுக்குள்ளும் ஒட்டப்போகிறோம். புதிதாகக் குடிவந்த வீடுகளுக்கு நானே நேரில் போய்ச் சொல்லிவிடுவேன். தாளின் முதல் வரியில், கொட்டை எழுத்தில்: பொங்கலன்று குப்பை எடுக்க யாரும் வரமாட்டார்கள், வாசலில் எதையும் வைக்காதீர்கள்.